பி.ஆர்க் அஞ்சு வருஷம்: படிச்சு முடிச்சவனோட ரிவ்யூ

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், சொந்தக்காரங்க வீட்டுலேர்ந்து போன் மேல போன், "பாப்பா சூப்பரா படம் வரையுது, ஆர்க்கிடெக்சர் போட்டு விடலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வச்சிடுறேன். நான் படிச்சது சென்னைக்கு வெளிய, அண்ணா யூனிவர்சிட்டி அஃபிலியேஷன்ல இருக்கற ஒரு பிரைவேட் காலேஜ். பேரு கேக்காதீங்க, கீழ நிறைய திட்டப் போறேன். அஞ்சு வருஷம், பத்து செமஸ்டர், ஒருவழியா முடிச்சு இப்ப ஒரு ஆபீஸ்ல குப்பை கொட்டிட்டு இருக்கேன்.

மார்க் முதல்லயே போட்டுடுறேன். சந்தோஷத்துக்கு அஞ்சுக்கு நாலரை. வேலை வாங்குற விதத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு. வேலை அதிகம்னு நான் கொறைக்கல, அதிகம்னு தெரிஞ்சுதான் வந்தோம், ஆனா அந்த வேலைல பாதி யாருக்காக எதுக்காக பண்றோம்னே தெரியாம பண்ணினோம் பாருங்க, அதுக்குத்தான் கொறைச்சேன்.

முதல்ல இந்த படம் வரையிற கதை. நல்லா வரைஞ்சா முதல் வருஷம் கொஞ்சம் ஈஸியா ஓடும், அவ்ளோதான். உள்ள நுழையவே நாட்டா எக்ஸாம் எழுதணும், 2006லேர்ந்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்துறது, 200 மார்க், அதோட பிளஸ் டூ மார்க்கை 200க்கு மாத்தி கூட்டி 400க்கு ரேங்க் போட்டு கவுன்சிலிங் நடக்கும், இன்ஜினியரிங் கவுன்சிலிங்க்கும் இதுக்கும் ரேங்க் லிஸ்ட் வேற வேற. என்ஐடி திருச்சி மாதிரி எடத்துக்குன்னா ஜேஇஇல பேப்பர் டூ எழுதணும். உள்ள வந்தப்புறம் முதல் செமஸ்டர்ல என்ன சொல்லித் தருவாங்கன்னா ஏ பி சி டி எழுத, சத்தியமா. லெட்டரிங்னு பேரு. பதினெட்டு வயசுல கோடு போட்ட ஷீட்ல ஏ பி சி டி எழுதிக்கிட்டு உக்காந்திருக்கறப்ப இன்ஜினியரிங் சேந்த நம்ம ஸ்கூல் ஃப்ரெண்டு போன் பண்ணி "கோடிங் ஆரம்பிச்சாச்சு மச்சி"ம்பான், கடுப்பாத்தான் இருக்கும்.

ஆனா டிசைன் ஸ்டூடியோன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, கோர்ஸோட உயிரே அதுதான். செமஸ்டருக்கு ஒரு ப்ராஜெக்ட், முதல்ல பஸ் ஸ்டாப் மாதிரி சின்னதா, அப்புறம் வீடு, ஸ்கூல், ஹாஸ்பிட்டல், ஹவுசிங்னு பெருசாகிட்டே போகும். மத்த டிகிரில ஆன்சர்னு ஒண்ணு இருக்கும், வந்துச்சா வரலயா அவ்ளோதான், இங்க அறுபது பேருக்கும் ஒரே சைட் குடுப்பாங்க, அறுபது பேரும் வேற வேற கட்டடம் கொண்டு வருவாங்க, எல்லாமே சரியாவும் இருக்கலாம் எல்லாமே தப்பாவும் இருக்கலாம். எங்க கிளாஸ்ல ஒருத்தன் ஹாஸ்பிட்டல் டிசைன்ல ஓபி, வார்டு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் பக்காவா வச்சுட்டு மார்ச்சுவரிலேர்ந்து வெளிய வர்ற வழிய மட்டும் கேன்டீன் வாசல் ஓரமா விட்டுட்டான். சார் பட்டர் ஷீட்டை (அடில இருக்கறது தெரியிற மெல்லிசு பேப்பர்) மேல போட்டு பென்சிலால அந்த வழிய மெதுவா இழுத்துட்டே வந்து கேன்டீன் கிட்ட நிறுத்தினார். "ஏம்ப்பா, இங்க இட்லி சாப்பிடுறவன் நெலமைய யோசிச்சியா?" கிளாஸே சிரிச்சு உருண்டுச்சு. ஆனா நோயாளி வர்ற வழி, பிணம் போற வழி, குப்பை போற வழி, சாப்பாடு வர்ற வழி எதுவும் ஒண்ணை ஒண்ணு வெட்டக்கூடாதுன்னு அன்னிக்கு எங்க எல்லார் மண்டைலயும் ஆணி அடிச்ச மாதிரி இறங்குச்சு. எந்த டெக்ஸ்ட் புக்காலயும் அப்டி இறக்க முடியாது.

இந்த கோர்ஸ்ல சந்தோஷம்னா இதுதான், நீங்க போட்ட ஒரு கோட்டுக்குள்ள ஒருத்தர் நடந்து போறத உங்களால பாக்க முடியிற அந்த நிமிஷம். அது வர்றதுக்கு பலபேருக்கு ரெண்டு வருஷம் ஆகும். சிலபேருக்கு வரவே வராது, அவங்கதான் பாவம்.

சரி, இப்ப திட்டுற பார்ட். ரிவ்யூக்கு, அதான் டிசைனைக் காட்டி மார்க் வாங்குற நாளுக்கு, ரெண்டு நாள் முன்னாடி மேடம் வந்து "கான்செப்ட் ஸ்ட்ராங்கா இல்ல, மாத்து"ம்பாங்க. போன வாரம் அதே கான்செப்ட்டுக்கு தலையாட்டினதும் அவங்கதான். மாத்துவோம். பிளான் மாறினா செக்‌ஷன் (கட்டடத்தைக் குறுக்கா வெட்டிப் பாக்குற படம்) மாறும், எலிவேஷன் (வெளித்தோற்றம்) மாறும், த்ரீடி மாறும், மாடல் திரும்ப வெட்டணும், சன் போர்டு மறுபடி வாங்கணும், ஹாஸ்டல் ரூம் பூரா ஃபெவிக்விக் நாத்தம், கட்டை விரல்ல பேண்ட் எய்ட். விடியக்காலைல பென்டிரைவைத் தூக்கிட்டு பிளாட் போடுற, அதான் பெரிய ஷீட்ல பிரிண்ட் எடுக்கற கடைக்கு ஓடுனா நமக்கு முன்னாடி நம்ம கிளாஸே அங்க நிக்குது, கடை அண்ணன் வேற "ஃபாண்ட் மிஸ்ஸிங்னு வருது தம்பி"ன்னு கூலா சொல்லுவார். எல்லாம் முடிச்சு ஏ1 ஷீட்டை பின் குத்தி ஒட்டினா, வெளியிலேர்ந்து மார்க் போட வந்த ஜூரி ஷீட்டை ஒரு பார்வை பாத்துட்டு நார்த் எங்கன்னு கேட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவார். அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. மாடல் அப்புறம் மாடிப்படிக்கு அடில போய் தூசி படியும், அடுத்த வருஷ ஜூனியர் அதுலேர்ந்து மரத்தைப் பிய்ச்சு அவன் மாடல்ல ஒட்டிக்குவான்.

யோசிச்சுப் பாத்தா டிசைன் பண்ண நேரத்தை விட டிசைன் பண்ணிட்டேன்னு காட்ட எடுத்த நேரம்தான் ஜாஸ்தி. நான் கடுப்பாகறது அதுக்குத்தான். கன்ஸ்ட்ரக்‌ஷன் கிளாஸ்லயும் இதே கூத்து, பேனல் கதவு, கிங் போஸ்ட் டிரஸ் (மரக் கூரைச் சட்டம்), பிளேட் பிளேட்டா, அதான் ஷீட் ஷீட்டா, கைல வரையணும், கதவு ஜாயின்ட்டை ஒருதடவை கைல வரைஞ்சா மரம் எப்டி மரத்தைப் பிடிக்குதுன்னு புரியும், நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஆனா சீனியர் பிளேட்டை ஜன்னல் கண்ணாடில ஒட்டி வெளிச்சத்துல டிரேஸ் எடுக்கறதுல என்ன கத்துக்கிட்டோம்? அதைத்தான் எல்லாரும் பண்ணினோம், ஸ்டாஃபுக்கும் தெரியும், கையெழுத்தும் விழுந்துச்சு.

இன்னொண்ணு, இந்த நைட் அவுட் பெருமை. கண்ணு செவந்து வந்தாத்தான் ஆர்க்கி ஸ்டூடன்ட்னு ஒரு நெனப்பு, சீனியர் ஜூனியர்கிட்ட ஏத்தி விடுறது, ஸ்டாஃபும் "நாங்கல்லாம் மூணு நாள் தூங்காம"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. உண்மை என்னன்னா பகல் பூரா ஸ்டூடியோல பாட்டு போட்டு அரட்டை, டீ, மறுபடி அரட்டை, ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் ஸ்கேலையே எடுப்பாங்க. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு தினமும் சாயங்காலம் பஸ் பிடிச்சு செங்கல்பட்டு போயிடும், வீட்ல ராத்திரி லைட் போட விட மாட்டாங்களாம், அதனால பகல்லயே முடிச்சிடும். ஹாஸ்டல்ல விடிய விடிய உருண்ட எங்க எல்லாரையும் விட நல்ல மார்க். வேலை நெஜமாவே அதிகம்தான், அதுல நாம சேத்துக்கறதும் கொஞ்சம் இருக்கு.

திட்டினது போதும், டூருக்கு வர்றேன், அதுக்காகவே ரெண்டு தடவை இந்த கோர்ஸை எடுப்பேன். ரெண்டாவது வருஷம் மெஷர்ட் டிராயிங்க்கு கானாடுகாத்தான் போனோம், செட்டிநாட்டு வீடு ஒண்ணை முழுசா அளந்து வரையணும். முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளுற வீடு. ஒரு ரூமுக்கு நாலு பக்கம் அளந்தா போதாது, மூலைக்கு மூலை குறுக்காவும் டேப் பிடிக்கணும், ஏன்னா பழைய வீட்ல எந்த ரூமும் கரெக்டான சதுரமா இருக்காது, குறுக்களவு இல்லன்னா வரையிறப்ப சுவர் சேராது. ஒருத்தன் டேப் பிடிக்க, ஒருத்தன் கத்த, ஒருத்தி எழுத, காலுக்கு கீழ ஆத்தங்குடி கல்லு ஜில்லுன்னு இருக்கும். அந்தக் கல்லை சுடுறதே இல்லயாம், கண்ணாடி மேல கலரை ஊத்தி சிமென்ட் போட்டு வார்க்கறது, அந்த கண்ணாடியோட வழவழப்புதான் கல்லுல வருது. வீட்டைப் பாத்துக்கற தாத்தா ரெண்டாவது நாள் பொறுக்க முடியாம கேட்டுட்டார், "எதுக்கு தம்பி இம்புட்டு அளக்குறீக, வீட்டை வாங்கப் போறீகளா?"

மூணாவது வருஷம் அகமதாபாத். நவஜீவன் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர்ல ஆட்டம் பாட்டம். அங்க அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயிஸ் கான் பண்ணின ஐஐஎம், செங்கல் சுவர்ல அந்த பெரிய வட்ட ஓட்டைங்க, போட்டோல ஆயிரம் தடவை பாத்தாச்சு, நேர்ல நின்னா வெயிலும் நிழலும் அந்த வட்டத்துக்குள்ள நகர்றது வேற. ஆர்க்கிடெக்ட் தோஷியோட ஆபீஸ் சங்காத், பாதி மண்ணுக்குள்ள இறங்கி, உடைஞ்ச பீங்கான் ஒட்டின வளைவு கூரையோட. 2018ல ஆர்க்கிடெக்சரோட நோபல்னு சொல்ற பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினாரே அவருதான், அதை வாங்கின முதல் இந்தியர். ஆனா என்னை அசத்தினது அடாலஜ் படிக்கிணறு, 1499ல கட்டி முடிச்சது. மேல மண்டை காயுது, ஒவ்வொரு தளமா கீழ எறங்க எறங்க உடம்புல ஏசி போட்ட மாதிரி ஆகுது. கிளைமேட்டாலஜி கிளாஸ்ல ஒரு வருஷமா ஸ்லைடு போட்டு சொன்னதெல்லாம் (முக்கால்வாசி தூக்கத்துலதான் கேட்டோம்) அந்தப் படில புரிஞ்சிடுச்சு. நம்ம பக்கத்துலயும் பாக்க நிறைய இருக்கு, பாண்டிச்சேரில அன்டோனின் ரேமண்ட் பண்ணின கோல்கோண்ட் (ஆசிரமத்து விடுதி), மதுரைல ஜெஃப்ரி பாவாவோட மதுரை கிளப் (இப்ப ஹோட்டல்), திருவனந்தபுரத்துல லாரி பேக்கரோட செங்கல் வேலை. அவர் பண்ணின தம்பானூர் காபி ஹவுஸ்ல சுத்தி சுத்தி ஏறிக்கிட்டே வடை சாப்பிடலாம்.

தியரி பேப்பர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஹிஸ்டரி ஜாலி, ஸ்ட்ரக்சர்ஸ்ல அரியர் விழும், சர்வீசஸ் ராத்திரி படிச்சு காலைல எழுதலாம்.

காசு. காலேஜ் ஃபீஸை மட்டும் கணக்கு போட்டுட்டு அப்பாங்க சேத்து விடுறாங்க, அப்புறம் மாசா மாசம் பையன் போன் பண்றப்பல்லாம் பணம் கேக்குறான்னு சந்தேகப்படுறாங்க. பிரிண்ட், போர்டு, மாடல், டூர், லேப்டாப், இதெல்லாம் ஃபீஸ் ரசீதுல வராது. பையன் மேல தப்பில்ல சார், பிளாட் கடைக்காரர்தான் வாங்கிட்டார்.

கடைசி பக்கம் ஒரு செமஸ்டர் இன்டர்ன்ஷிப். காலேஜ்ல பேசின ஸ்பேஸ், கான்செப்ட் எல்லாத்தையும் வாசல்லயே கழட்டி வச்சிட்டு டாய்லெட் டீடெயில் வரையணும், எந்த டைல் எங்க வெட்டுப்படுதுன்னு. போன முதல் வாரமே தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019ஐ கைல குடுத்துட்டாங்க, செட்பேக் (கட்டடத்தைச் சுத்தி விடுற இடம்) எவ்ளோ, எஃப்எஸ்ஐ 2 (மனை அளவுல ரெண்டு மடங்கு தளப் பரப்பு) வச்சு எவ்ளோ கட்டலாம், பார்க்கிங் எத்தனைன்னு. நாலு வருஷம் நாங்க போட்ட டிசைன்ல பாதிக்கு இந்த ஊர்ல அப்ரூவலே கெடச்சிருக்காது. இதை ஏன் மூணாவது வருஷமே உக்கார வச்சு சொல்லித் தரலன்னு இப்பவும் எனக்குப் புரியல. ஸ்டைபெண்ட்னு குடுத்தது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாப் போச்சு. கடைசி ப்ராஜெக்ட் பண்ற தீசிஸ் செமஸ்டர் மட்டும் தனி, நமக்குப் புடிச்ச தலைப்பு, நம்ம சைட், நம்ம இஷ்டம், அதுல கஷ்டப்பட்டது ஒண்ணுகூட சுமையா தெரியல.

வெளிய வந்தா கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணணும், 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் படி அது இல்லாம ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்ட முடியாது. சம்பளம், எங்க செட்ல முக்கால்வாசிப் பேர் மாசம் 15,000லேர்ந்து 20,000க்குள்ளதான் ஆரம்பிச்சோம். நம்மளுக்கு ஒரு வருஷம் முன்னாடியே முடிச்ச இன்ஜினியரிங் ஃப்ரெண்டு சோழிங்கநல்லூர்ல அதை விட நல்லாவே வாங்கிட்டு இருப்பான், கல்யாண வீட்ல ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சு கேப்பாங்க, தயாரா இருங்க.

அப்ப சேரலாமா? "ஏன் இந்த ஜன்னல் இங்க இருக்கு"ன்னு உங்க வீட்டையே முறைச்சுப் பாக்குற ஆளா இருந்தா சேருங்க, அள்ளும். இன்டீரியர் ரீல்ஸ் பாத்து ஆசை வந்துச்சுன்னா கொஞ்சம் நிதானிங்க. காலேஜ் பாக்கப் போறப்ப ரிசப்ஷனையும் ஆடிட்டோரியத்தையும் காட்டி அனுப்பப் பாப்பாங்க, விடாதீங்க, ஸ்டூடியோவைக் காட்டச் சொல்லுங்க. முடிஞ்சா ரிவ்யூ நடக்கற நாளா பாத்துப் போய் பின்னாடி நின்னு பாருங்க, ஸ்டாஃப் பென்சில் எடுத்து ஷீட் மேல உக்காந்து பேசுறாங்களா, இல்ல தூரத்துல நின்னு "நாட் வொர்க்கிங்"னு மட்டும் சொல்றாங்களான்னு. அங்க நாலாவது வருஷம் படிக்கிற யாரையாவது கேன்டீனுக்கு கூட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் குடுங்க, ஸ்டாஃப்ல எத்தனை பேர் நெஜமா வெளிய கட்டடம் கட்டுறாங்கன்னு கேளுங்க, மிச்சத்தை அவங்களே கொட்டிடுவாங்க.

லேப்டாப் பத்தி கண்டிப்பா கேப்பீங்க. முதல் வருஷம் வாங்காதீங்க, எங்க காலேஜ்ல எல்லாம் கைலதான் வரைய விட்டாங்க, வரையிற சாஃப்ட்வேர் ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் ரெண்டாவது வருஷம்தான் வந்துச்சு. லூமியன் சாஃப்ட்வேர்ல ரெண்டர் (நெஜ கட்டடம் மாதிரி படம்) போட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேணும், அதுக்கு அப்ப ஒரே தடவையா நல்லதா வாங்கிக்கலாம். அந்தக் காசுல இப்பத்திக்கு ஒரு நல்ல டிராஃப்டிங் போர்டும், முதுகு வலிக்காத ஸ்டூலும் வாங்குங்க.