திருகோணமலையில் லெதர் சீற் வேலைக்குக் காரைக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

லெதர் சீற்றுகளைப் புதுசாக்கித் தருகிறோம் என்று சொல்லி 28,000 ரூபா வாங்கிய ஒரு சேர்விஸ் இடம் எங்கள் காரின் முன் சீற்றுகள் இரண்டையும் பழுதாக்கிவிட்டது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலைமுறை அந்த ஒரு இடத்தோடு நிற்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அதுவரை இருந்த காரைப் பேணித்தான் எல்லோரும் ஓடினோம். எங்கள் காரில் சாரதி சீற்றின் ஏறி இறங்கும் ஓரத்தில் வெடிப்பு, மாரி மழையில் பிடித்த கொஞ்சப் பூஞ்சணம். வேறு குறை இல்லை.

முதலாளி சீற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "லெதர் காய்ஞ்சு போச்சு ஐயா. எண்ணெய் ஏத்திக் கலர் குடுத்தாச் சரி. பின்னேரம் வந்து எடுங்கோ" என்றார். பின்னேரம் கதவைத் திறந்ததும் தின்னர் மணம் முகத்தில் அடித்தது. சீற் பளபளவென்று இருந்தது. மணம் ஒரு கிழமையில் போய்விடும் என்றார்கள். பில் கேட்டால் புத்தகம் முடிந்துவிட்டதாம்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அப்பாவைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கோட்டைக்குள்ளால் மேலே ஏறி, காரை விட்டு இறங்கியபோது அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்க மண்ணிறம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சால்வையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பிறகு வெயில் ஏறினால் சீற் ஒட்டத் தொடங்கியது. மடிப்பு விழும் இடமெல்லாம் பாம்புச் சட்டை போல உரிந்து வந்தது. காற்றுப் போக இருந்த சின்னத் துளைகள் அடைபட்டிருந்தன. தையல் நூலிலும் பெயின்ட். திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "உங்கட லெதர் பழசு, வெயிலில விட்டா அப்பிடித்தான்" என்று கையை விரித்தார். அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்: "தின்னரால துடைச்சுப்போட்டு பெயின்ட் அடிக்கிறதுதான் அண்ணை. எல்லாக் காருக்கும் அதுதான்."

நெடுங்காலமாகக் குஷன் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். அவர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்போதைய கார் லெதரில் பெரும்பாலானவற்றுக்கு மேலே நிறப்பூச்சு, அதற்கும் மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய காப்புப் பூச்சு. நாம் தொடுவது அந்தப் பூச்சைத்தான். அது நல்லாக இருந்தால் 'எண்ணெய் ஏத்துறது' என்ற பேச்சுக்கே இடமில்லை, எண்ணெய் உள்ளே இறங்காது. தின்னர் பட்டால் அந்தக் காப்பு கரைந்துபோகும். அதன்மேல் வளையாத பெயின்ட் அடித்தால், ஆள் இருந்து எழும்ப எழும்ப வெடிக்கும்.

முறையான வேலையில் லெதருக்கென்றே உள்ள மென்மையான கிளீனரையும் மெல்லிய பிரஷ்ஷையும் கொண்டு ஊத்தையை எடுப்பார்கள். வெடிப்பை நெகிழும் நிரப்பியால் அடைத்து, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லெதர் நிறத்தை மெல்லிய படைகளாக அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்தபிறகு மேல்காப்புப் பூசுவார்கள். காலையில் கொடுத்துப் பின்னேரம் எடுக்கிற அவசர வேலை இல்லை இது. எங்கள் சீற்றில் இனி உறையை மாற்றத்தான் வேண்டும். அதிலும் பக்கத்து எயார்பாக் உள்ள சீற்றுக்கு, பை வெளியே வரும் இடத்தில் அதற்கென்ற நூலும் தையலும்தான் போடவேண்டும், சாதாரணமாக இறுக்கித் தைத்தால் விபத்தில் பை சரியாக விரியாமல் போகலாம் என்று எச்சரித்தார்.

யாரிடம் கொடுத்தாலும் அடிக்கப்போகும் போத்தலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சீற்றின் கீழ்ப்பக்கம் மறைவான ஓரிடத்தில் முதலில் செய்விக்கச் சொல்லுங்கள். காய்ந்தபிறகு ஈர வெள்ளைத்துணியால் நீங்களே தேய்த்துப் பாருங்கள். நிறம் துணிக்கு வந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பில் தராததால் வங்கியில் காசு அனுப்பிய பதிவையும் படங்களையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாரும் இங்கே இருந்தால், மூன்று மாதம் கடக்க முன்னர் நீங்களும் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.