ஃபினாஸ்டெரைடு 1 மி.கி.: பழகிப்போன பிறகுதான் கவனம் வேண்டும்

முதல் மூன்று மாதத்தில் ஆண்களின் முடி உதிர்வுக்கான இந்த மாத்திரையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். மாற்றம் தெரியவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முழுப் பலனை எடைபோட ஒரு வருடம் வேண்டும். பலருக்குக் கிடைக்கும் பலன், இருக்கிற முடி உதிராமல் நிற்பதுதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை, முடி வேரைச் சுருக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் டி.எச்.டி.யைச் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது இந்த மருந்து. நிறுத்தினால் அது பழையபடி ஏறும். காப்பாற்றிய முடியும் 12 மாதத்துக்குள் கொட்டிவிடும். உச்சந்தலையில் பலன் தெரியும் அளவுக்கு நெற்றி ஓரங்களில் தெரியாது. வழவழவென்று ஆகிவிட்ட இடத்தை மறந்துவிடலாம்.

தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு எதுவும் புலப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள்: அதே விளக்கு, அதே கோணம், அதே முடி நீளம், எண்ணெய் தடவாத உலர்ந்த தலை. ஈரத் தலையில் எடுத்தால் முடி கற்றையாக ஒட்டிக்கொண்டு, அடர்த்தியான தலையும் சொட்டையாகத் தெரியும்.

நாளுக்கு ஒரு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, வித்தியாசமில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். அளவைக் கூட்டினால் முடி கூடாது.

பக்கவிளைவுகளில் எல்லோரும் பேசுவது பாலியல் விஷயம். ஆசை குறைதல், விறைப்புக் குறைதல், விந்து குறைதல் ஒவ்வொன்றும் ஆய்வுகளில் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகவே வந்தன. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும்; நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மனநிலை. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது. காரணமில்லாத சோர்வு, எதிலும் பிடிப்பின்மை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு முன்பு இருந்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்; மாற்றம் நமக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத் தெரியும். மார்பில் கட்டி, வலி, காம்பில் கசிவு இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு மூன்று வருடம் ஓடியதும் இது மருந்து என்பதே மறந்துபோகிறது. ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று மருத்துவர் கேட்டால், ‘இல்லை’ என்று வாய் தானாகச் சொல்லும். ஆபத்து இங்கேதான். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை எண்ணை இந்த மருந்து ஏறக்குறைய பாதியாக இறக்கிவிடக்கூடும். அறிக்கையில் 3 என்றிருந்தால் உண்மையில் அது 6 ஆக இருக்கலாம். மருந்து சாப்பிடும்போதே எண் ஏறுகிறது என்றால், இயல்பு வரம்புக்குள் இருந்தாலும் ஆராய வேண்டும்.

ரத்ததானமும் அப்படியே. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது கழிய வேண்டும். இதே வகை மருந்தான டியூட்டாஸ்டெரைடு என்றால் ஆறு மாதம், அது உடலைவிட்டு அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறும். அந்த ரத்தம் கர்ப்பிணிக்குப் போனால் ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

இதே காரணத்தால் புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. மாத்திரையை நான்காக வெட்டும் சிக்கன வழி எனக்கு உடன்பாடில்லை. துண்டுகள் ஒரே அளவில் அமையாது. மேற்பூச்சு உடைந்து, கத்தியிலும் மேசையிலும் தூள் படியும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்கக்கூடியவர்களும் அதைத் தொடக் கூடாது. முழு மாத்திரையைத் தொடுவதில் பிரச்சினையில்லை. குழந்தைக்கு முயன்று தாமதமானால், விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கலாம். நிறுத்திப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கூடவே முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் 5 சதவீதக் கரைசல் தடவுபவர்களுக்கு: ஒரு வேளைக்கு 1 மி.லி., தினம் இருவேளை, உலர்ந்த உச்சந்தலையில். முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் சுழற்சி அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். தடவிய கையைக் கழுவுங்கள், தலை காய்ந்த பிறகு படுங்கள். வீட்டில் பூனை இருந்தால் தலையணையில்கூட அது நக்கும்படி விடக் கூடாது; மிகச் சிறிய அளவே அதன் உயிரைப் பறித்துவிடும்.