ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப்: மூடிய பிறகு எழுதும் விமர்சனம்

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன். இந்தக் கடைத்தொகுதியைப் பற்றி அது திறந்திருந்தபோதே எழுதியிருக்க வேண்டும், 2023 ஆகஸ்ட்டில் மூடிவிட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இப்போதாவது எழுதுகிறேன்.

பனிச்சறுக்குத் தளத்துக்கு ஐந்துக்கு ஐந்து. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒலிம்பிக் அளவு. சிங்கப்பூரில் அந்த அளவில் அது ஒன்றுதான் இருந்தது. வெளியே வேர்த்து ஊற்றும் மத்தியானத்தில் உள்ளே நுழைந்தால் மூக்கு நுனி சில்லிடும். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. முதல் நாள் ஓரத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தாள், கையுறை நனைந்து விரலெல்லாம் சிவந்துபோயிருந்தது, "அப்பா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்றாள். நடுவில் பனியைச் சமன்படுத்தும் வண்டி வரும். அது ஊர்ந்து போகப் போகக் கீறல்கள் மறைந்து தளம் பளபளவென்று ஆகும், பிள்ளைகள் சறுக்குவதை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மற்றபடி கடைகள் சுமார்தான். 2013இல் ஜெம், வெஸ்ட்கேட் என்று இரண்டு கடைத்தொகுதிகள் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே வந்துவிட்டன, அப்புறம் கூட்டம் இவ்வளவு தூரம் நடந்து வர என்ன அவசியம்? மேலே ஐமேக்ஸ் திரையரங்கு இருந்தது, அதற்காகப் போவோம்.

என் ஆற்றாமை வேறு. அந்த இடத்தில் 1993இலிருந்து ஜூரோங் பொழுதுபோக்கு மையம் இருந்தது, ஜேஇசி என்போம். 2008 கடைசியில் புதுப்பித்துக் கட்டுவதற்காக மூடினார்கள், அந்த நேரம் பார்த்து உலகப் பொருளாதாரம் விழுந்தது, கட்டுமான வேலை தள்ளிப்போனது. மூடியபோது என் மூத்தவன் தொடக்கநிலை மூன்று. 2012 ஏப்ரலில் ஜேகியூப் திறந்தபோது உயர்நிலை ஒன்றில் இருந்தான். எதிரே இருக்கிற நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் "எப்பப்பா திறப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், திறந்தபோது சினேகிதர்களோடு போகிற வயதுக்கு வந்துவிட்டான். அவ்வளவு காத்திருந்து கிடைத்த கட்டடம் 11 வருஷம்தான் நின்றது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் வளர்வதற்கு அது போதாது, எனக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது.

இப்போது அந்த இடத்துக்கு ஜேடென் என்ற தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம், 40 மாடி, 368 வீடுகள். 2023 நவம்பரில் விற்பனை தொடங்கிய வார இறுதியிலேயே பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வீடு போய்விட்டது, சராசரியாகச் சதுர அடி 2,451 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாங்கியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, எம்ஆர்டி பக்கம், நூலகம் பக்கம், நல்ல இடம். கீழே கடைகளும் உண்டு. ஆனால் சுற்றியிருக்கிற வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளிலிருந்து பள்ளி விடுமுறையில் நடந்தே போய்ச் சறுக்கிய பிள்ளைகளுக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை, ஜூரோங்கில் வேறு எங்காவது ஒரு பனித்தளத்துக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

மகளின் சறுக்குக் காலணி ஒரு ஜோடி வீட்டில் சும்மா இருக்கிறது. 38ஆம் அளவு, கத்தி இன்னும் துருப்பிடிக்கவில்லை. பழகுகிற பிள்ளை யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம்.