ஆல்டர்னேட்டா, எகானமியா? முதலில் ஸ்கேலைப் பாருங்கள்

கிட்டாரில் சோலோ பழக உட்கார்ந்தவர்கள் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: பிக்கை (கம்பியை அடிக்கும் சிறு தகடு) கீழும் மேலும் மாறி மாறி அடிக்கும் ஆல்டர்னேட் பிக்கிங்கா, கம்பி மாறும்போது அதே திசையில் தள்ளிவிடும் எகானமி பிக்கிங்கா? எந்த ஸ்கேலை எப்படி விரல் வைத்து வாசிக்கப் போகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலை எடுத்துக்கொள்வோம். (நம் காதுக்குச் சுத்த தன்யாசி.) ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) தொடங்கும் பாக்ஸில், அதாவது விரல் அமைப்பில், கம்பிக்கு இரண்டே ஸ்வரம்: தடித்த கம்பியில் 5, 8; அடுத்ததில் 5, 7. ஆல்டர்னேட்டில் டவுன் (கீழ்நோக்கி), அப் (மேல்நோக்கி) என்று மாறி மாறி அடிப்பதால், ஏறும்போது ஒவ்வொரு கம்பியும் டவுனில்தான் ஆரம்பிக்கும். கணக்கு சுலபம். ஆனால் அப் அடித்த பிக் கம்பிக்கு மேல்பக்கம் நிற்கிறது, போக வேண்டிய கம்பியோ கீழே. வாசித்த கம்பியையே தாண்டிக் குதிக்க வேண்டும். வேகம் கூடினால் பிக் சிக்குவது இங்கேதான். எகானமியும் இங்கே கைகொடுக்காது. மேலே போன கை அதே வீச்சில் கீழே எப்படி வரும்?

அப்புறம் ஏ நேச்சுரல் மைனர், கம்பிக்கு மூன்று ஸ்வரமாக: முதல் இரண்டு கம்பிகளில் 5, 7, 8, மூன்றாவதில் 5, 7, 9. டவுன், அப், டவுன் அடித்து முடித்த பிக் தானாகவே அடுத்த கம்பியில் சாய்ந்து நிற்கும். தூக்காமல் அப்படியே தள்ளினால் அடுத்த டவுன். எகானமி என்பது இவ்வளவுதான். கிட்டார் கலைஞர் ஃப்ராங்க் கம்பாலே பெயர் வாங்கியது இந்த வழியில். இன்னொரு கிட்டார் கலைஞரான ஆல் டி மியோலாவைப் போலக் கறாராக ஆல்டர்னேட்டில் வாசிப்பவருக்கு இதே ஸ்கேலில் ஒரு கம்பி டவுனில் தொடங்கும், அடுத்தது அப்பில். உழைப்பு கூடுதல்தான்.

எகானமிக்குத் தாளம்தான் வில்லங்கம். நான் வாசித்ததைப் பதிவு செய்து கேட்டபோது, கம்பி மாறும் இடத்திலெல்லாம் இரண்டு டவுனும் ஒட்டிக்கொண்டு முந்தி விழுந்திருந்தன. வாசிக்கும்போது அதை வேகம் என்று நினைத்திருந்தேன்! ஆல்டர்னேட்டில் மெட்ரோநோம் என்ற தாளக் கருவியின் ஒரு டிக்குக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால், டிக்கில் விழுவது எப்போதும் டவுன். கையே தாளம் போடும்.

லெகாட்டோ என்ற மூன்றாவது வழியும் உண்டு: ஒரு முறை அடித்துவிட்டு மீதியை இடது கை பார்த்துக்கொள்ளும். வழவழப்பாக வரும், அடியின் கூர்மை குறையும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு பென்டடானிக்கும் ஆல்டர்னேட்டும் போதும். நிமிடத்துக்கு 60 டிக் வேகத்தில் பிசகாமல் வந்த பிறகு எகானமியைத் தொடலாம். அதிலும் உச்சியில் திரும்பும் இடம் தகராறு செய்யும். மெல்லிய கம்பியில் 7, 8, 10 என்று ஏறி டவுனில் முடிகிறது. திரும்பும்போது 8 அப், 7 டவுன் என்று அடித்தால் பிக் தப்பான பக்கம் மாட்டிக்கொள்ளும். 8-ஐ அப்பில் அடித்து, 7-ஐ அடிக்காமல் விரலை இழுத்து புல்-ஆஃப் செய்துவிடுங்கள். பிக் அதே அப் வீச்சில் அடுத்த கம்பியின் 10-ஆம் ஃப்ரெட்டுக்குப் போய்விடும்.