படம்தான் சரக்கு என்றால் வேர்ட்பிரஸ் தாங்குமா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் வெப் டிசைன் ஸ்டுடியோக்களுக்கு வரும் வேலை ஏறக்குறைய ஒரே வகைதான். கல்யாண போட்டோகிராபர், துணிக்கு பிரின்ட் டிசைன் போடுகிறவர், ஆர்க்கிடெக்ட், சென்னிமலைப் பெட்ஷீட்டையோ நெகமம் சேலையையோ சொந்தப் பெயரில் விற்கப் பார்க்கும் இளவட்டம். எழுத்து கொஞ்சம், படம் ஏராளம். இந்த வேலைக்கு, சொந்த ஹோஸ்டிங்கில் (சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) நிறுவிக்கொள்ளும் வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருள் எப்படி?

தாங்கும். ஆனால் நிறுவிய நிலையில் அப்படியே விட்டால் தாங்காது. மென்பொருள் இலவசம், டொமைன் என்ற சைட் பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும் காசு போகும், மிச்சச் செலவெல்லாம் உங்கள் நேரம். அந்த நேரத்தைக் கொட்டேஷனில் சேர்க்காதவர்கள்தான் பிறகு வேர்ட்பிரஸைத் திட்டுகிறார்கள்.

முதல் சோதனை படங்களில். 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000-க்கு 4000 பிக்சல். அதை மீடியா லைப்ரரியில் அப்படியே போட்டால், 2019-இல் வந்த 5.3 பதிப்பு முதல், நீளமான பக்கம் 2560 பிக்சல் வருமாறு சுருக்கிய ஒரு பிரதியை வேர்ட்பிரஸ் செய்துகொள்கிறது. ஒரிஜினலும் சர்வரிலேயே கிடக்கும். அது போக 2048, 1536, 1024, 768, 300, 150 என்று ஆறு அளவுகள். ஒரு படத்துக்கு எட்டு ஃபைல்; 400 படத்துக்கு 3,200. தீமும் (சைட்டின் தோற்றத்துக்கான வார்ப்பு) பிளகினும் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) தங்கள் பங்குக்கு அளவுகளைச் சேர்க்கும். பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்ட் ஹோஸ்டிங்கில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தாலும் ஃபைல் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு வைத்திருப்பார்கள். இடம் காலியாக இருக்கும்போதே அப்லோடு நின்றுபோனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மெமரி. ஃபைல் 8 எம்பிதானே என்று நினைப்போம். சுருக்குவதற்காக சர்வர் அதை விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 96 எம்பி ஆகிவிடும். சுருக்கிய பிரதிக்கு வேறு இடம் வேண்டும். வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழிக்கான மெமரி வரம்பு 128 எம்பியில் நிற்கும் மலிவு ஹோஸ்டிங்கில் இங்கேதான் மூச்சு முட்டுகிறது. 2560 பிக்சலுக்குள் ஏற்றிப் பாருங்கள் என்று வேர்ட்பிரஸே செய்தி காட்டும். வாடிக்கையாளர் அதைப் படிக்காமல் அதே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்.

நிறச் சிக்கல் இதைவிட மோசம், ஏனென்றால் எந்த எரர் செய்தியும் வராது. ‘ஏனுங்க, ஆல்பத்துல செக்கச்செவேல்னு இருக்கற கூறைப்புடவ சைட்ல மட்டும் வெளுத்துக் கெடக்குதுங்களே’ என்று போன் வரும்போதுதான் தெரியும். படம் அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கும். சர்வரில் படம் சுருக்கும் கருவியாக இமேஜிக் இருந்தால், எந்த நிற வரம்பு என்று சொல்லும் நிற புரொஃபைல் சுருக்கிய பிரதிகளிலும் கூடவே வரும். அது இல்லாமல் இன்னொரு கருவியான ஜிடி மட்டும் இருந்தால் புரொஃபைல் கழன்றுவிடும், சிவப்பும் பச்சையும் சோர்ந்துபோகும். ஹோஸ்டிங் வாங்கும் முன்பே இமேஜிக் உண்டா என்று கேளுங்கள். நிறுவியபின் வேர்ட்பிரஸின் ‘சைட் ஹெல்த்’ பக்கத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

மெமரிக்கும் நிறத்துக்கும் மருந்து ஒன்றுதான். படம் திருத்தும் லைட்ரூமிலேயே நீளப் பக்கம் 2560, எஸ்ஆர்ஜிபி (வெப்பின் பொது நிற வரம்பு), தரம் 75 முதல் 80 என்று ஒரு எக்ஸ்போர்ட் ப்ரீசெட் செய்து போட்டோகிராபர் கையில் கொடுத்துவிடுவது. ஃபைல் பெரும்பாலும் ஒரு எம்பியைச் சுற்றித்தான் நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக மட்டும். போட்டோவாக அனுப்பினால் அதுவும் ஒரு முறை நசுக்கும், வேர்ட்பிரஸ் தன் பங்குக்கு ஜேபெக் தரம் 82-இல் இன்னொரு முறை நசுக்கும். முகம் தப்பித்துவிடும், நெருக்கமான கட்டம் போட்ட துணி தப்பிக்காது.

முகப்புப் பக்க ஸ்லைடர் கேட்காத போட்டோகிராபர் கிடையாது. ஒற்றைப் படத்தோடு நிறுத்துங்கள் என்பதே எங்கள் வாதம். திரைக்கேற்ற அளவில் படத்தை அனுப்பும் வசதி வேர்ட்பிரஸில் சாதாரணப் படங்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. ஸ்லைடர் பிளகின்கள் பலவும் படத்தை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமொழி) பின்னணியாக வைப்பதால் அந்த வசதி அறுந்து, போனுக்கும் 2560 பிக்சல் படமே இறங்குகிறது. பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். ஐந்து படம் சுழலும் முகப்பில் அதைத் தொடுவது கஷ்டம்.

தமிழ் விஷயத்தில் வேர்ட்பிரஸைவிட தீம்கள்தான் சொதப்புகின்றன. டெமோவில் அழகாக நிற்கும் ஆங்கில ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே இருக்காது. அதனால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று கருவிக்கொரு முகம் காட்டும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தலைப்புக்கு அனேக் கச்சிதம், எடையும் அகலமும் இரண்டையும் கூட்டிக் குறைக்கலாம். தலைப்புகளுக்கு தீம் வைத்திருக்கும் எழுத்து இடைவெளியை பூஜ்ஜியமாக்குங்கள், இல்லையென்றால் ‘கொ’ மூன்று துண்டாக நிற்கக்கூடும். வரி உயரம் 1.2-இல் இருந்தால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும், 1.6-க்குக் குறையாமல் வையுங்கள்.

முகவரியில் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்தின் தலைப்பிலிருந்து உருவாகும் முகவரித் துண்டுக்கு டேட்டாபேஸில் 200 எழுத்துதான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் அங்கே (‘க’ என்பது %e0%ae%95 என்பது போல) ஒன்பது எழுத்தாக விரியும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. ‘கொங்கு கல்யாணப் படங்கள்’ என்பது 191. அதன் பின்னால் ‘ஈரோடு’ என்று சேர்த்தால் ஊர் முழுசாகக் காணாமல் போகும். முகவரியை ஆங்கில எழுத்தில் கையால் அடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் அரை பக்கத்துக்குச் சதவீதக் குறி வராது.

பழைய பிரவுச்சரிலிருந்து வாடிக்கையாளர் தரும் தமிழ் பெரும்பாலும் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத ஃபான்ட்டில் இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியபின் ஒற்றுப்பிழையை ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

பக்கத்தை இழுத்து வைத்துக் கட்டும் பேஜ் பில்டர் பிளகின்களைத் தவிர்க்கலாம். வேர்ட்பிரஸிலேயே இப்போதுள்ள பிளாக் எடிட்டரே போர்ட்ஃபோலியோவுக்குப் போதும், பில்டரைக் கழற்றினால் பக்கம் குப்பையாகும் தொல்லையும் இல்லை. வாடிக்கையாளருக்கு எடிட்டர் லாகின் மட்டும் கொடுங்கள். அட்மின் கொடுத்தால் யாரோ சொன்ன பிளகின் எல்லாம் உள்ளே வந்துவிடும். தொடர்புப் படிவத்தின் மெயிலை எஸ்எம்டிபி (முறையான மெயில் சர்வர்) வழியாக அனுப்புங்கள், இல்லையேல் என்கொயரி ஸ்பேமில் கிடக்கும்.

ஆயிரம் படத்தை மணமக்கள் பார்த்து ஆல்பத்துக்குத் தேர்வு செய்யும் வேலைக்கு இது வேண்டாம். அதற்கென்றே உள்ள கேலரி சேவைகளுக்கு அனுப்பிவிட்டு, சைட்டில் முப்பது நாற்பது நல்ல படங்களோடு நிறுத்துங்கள்.

டொமைனை வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய கணக்கிலேயே வாங்க வையுங்கள். ஸ்டுடியோவின் கணக்கில் வாங்கி வைத்தால் புதுப்பிக்க மறந்த பழி ஸ்டுடியோவுக்குத்தான், ஆள் மாறும்போது பஞ்சாயத்தும் அங்கேதான்.