ஹைலக்ஸ் ஆக்சில் ஓவர்ஹால்: 5,340 வெள்ளி போனது, பிரேக்கும் போனது

பழைய டொயோட்டா ஹைலக்ஸோ அதுபோன்ற ஃபோர் பை ஃபோர் வண்டியோ வைத்திருப்பவர்கள், ஆக்சில் (அச்சு) வேலைக்குக் கொடுக்கும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். பினாங்கில் ஒரு பட்டறையில் 5,340 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். பில்லில் எழுதியிருந்த வேலையில் பாதிக்கு மேல் செய்யவே இல்லை. துன் சார்டோன் மலைச்சாலையில் டுரியான் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் பெடல் தரைவரை போன அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது. பக்கத்து சீட்டில் என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். பதினாறு வயது.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. விஷயம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1994 எல்.என்.106 மாடல், 2.8 டீசல், முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் பட்டைவில். இப்போது மச்சான் பாலிக் புலாவில் குத்தகைக்கு எடுத்திருக்கும் டுரியான் தோட்டத்துக்குத்தான் ஓடுகிறது. மழை பெய்தால் அந்தச் செம்மண் ஏற்றத்தில் வேறு எந்த வண்டியும் ஏறாது. பருவத்துக்கு முன் மூன்று குறைகள் தெரிந்தன. முன் சக்கரத்துக்கு உள்பக்கம், அந்த உருண்டைப் பகுதியில், கறுப்பாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. 60க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்கியது. பிரேக்கும் கொஞ்சம் ஆழமாகத்தான் பிடித்தது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளி நம்ம ஆள். நன்றாகப் பேசினார். "தம்பி, முன் ஆக்சில் முழுசா பிரிச்சிடலாம், பின்னாடியும் பேரிங், சீல், ஷூ எல்லாம் புதுசு போட்டுடலாம். பத்து வருஷத்துக்குத் தொட வேணாம், அண்ணன் பார்த்துக்கறேன்" என்றார். அந்த "அண்ணன்" என்ற சொல்லை நம்பி முன்பணம் 2,000 கொடுத்தேன். பழைய சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. பிரித்து வைத்திருக்கும்போது ஒருநாள் போய்ப் பார்க்கவும் இல்லை. எனக்கு ஷிப்ட் வேலை, அவர் பட்டறை ஆறு மணிக்கு மூடிவிடும்.

ஆறாவது நாள் வண்டி வந்தது. ஆக்சில் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயின்ட், பிரேக் கேலிப்பருக்குச் சிவப்பு. பில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது: முன் ஆக்சில் சீல் கிட் இரண்டு பக்கமும் 480, கிங்பின் பேரிங் நான்கு 360, முன் வீல் பேரிங் நான்கு 420, பின் பேரிங்கும் சீலும் 390, வீல் பம்ப் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) இரண்டு 260, பிரேக் ஆயில் 60, இன்னும் சில. கூலி மட்டும் 2,600. பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே என்று கேட்டேன். "புது ஷூ, ஓட ஓட உட்காரும்" என்றார். இதை யாராவது உங்களிடம் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். புது ஷூ (டிரம்மின் உள்ளே உரசிப் பிடிக்கும் பட்டை) டிரம்மோடு பொருந்தச் சில நாள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் பெடலை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ஷூ சரியாக அட்ஜஸ்ட் ஆகவில்லை. ஓட ஓட அது தானாகச் சரியாகாது.

பதினோராவது நாள் அது நடந்தது. சுமார் 600 கிலோ டுரியான். பாலிக் புலாவிலிருந்து ஏறி, மேடு தாண்டி, பாயா தெருபோங் பக்கம் இறங்குகிறோம். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கியரில்தான் வந்தேன். நாலைந்து வளைவுக்குப் பிறகு ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன், காலுக்கடியில் எதுவுமே இல்லாத மாதிரி கீழே போய்விட்டது. மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது, மறுபடி இறங்கியது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன், எஞ்சின் கத்தியது. கைப்பிரேக்கை இழுத்தால் கம்பி மட்டும் வருகிறது, வண்டி நிற்கவில்லை. எதிரில் ஒரு பள்ளிப் பேருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அது கடந்ததும் இடது பக்கம் மலையோரக் கால்வாயில் சக்கரத்தை இறக்கி, பம்பரை மண்ணில் உரசி நிறுத்தினேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடைகள் சாய்ந்து பழமெல்லாம் சாலையில் உருண்டன. பின்னால் வந்த மோட்டார்க்காரர்கள் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் பழையபடி வந்துவிட்டது! அதைப் பார்த்து "ஒன்றுமில்லை, மெதுவாகப் போகலாம்" என்று நினைத்துவிடக்கூடாது. அந்த அரை மணி நேரம்தான் காரணத்தைச் சொல்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரி. மலை இறக்கத்தில் முன் டிஸ்க் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி உண்டாகும். பெடல் அந்தக் குமிழியை அமுக்குமே தவிர பிரேக்கை அமுக்காது. சூடு ஆறியதும் குமிழி மறைந்து பெடல் திரும்பிவிடும். பதினோரு நாளைக்கு முன் மாற்றியதாக 60 வெள்ளி வாங்கிய ஆயில் அப்படிக் கொதிக்காது.

வண்டியை லாரியில் ஏற்றி, பாலம் தாண்டி பிறையில் ஒரு வயதான போமனிடம் (மெக்கானிக்) கொண்டுபோனோம். அப்பா காலத்தில் கான்ட்ராக்டர்களின் ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் எல்லாம் பார்த்தவர். நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றோம். அவர் பிரிக்கும் முன்பே, முன் ஆக்சிலைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, இத யாரும் தொறக்கவே இல்ல" என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே பார்க்கலாம்.

இந்த வண்டியின் முன் ஆக்சில் இரண்டு முனையிலும் ஒரு இரும்பு உருண்டையில் முடிகிறது. நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பகுதி) அதன்மேல் தொப்பி போல் உட்கார்ந்து, மேலும் கீழும் கிங்பின் பேரிங்கில் திரும்புகிறது. உருண்டைக்குள் கிரீஸில் பெர்ஃபீல்ட் ஜாயின்ட் (சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). டிஃப்பில் (ஆக்சில் நடுவில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) இருக்கும் கியர் ஆயில் அந்தக் கிரீஸுக்குள் வராமல் தடுப்பது உள்ளே, ஆக்சில் குழாயின் வாயில் இருக்கும் ஒரு சின்ன ஆயில் சீல். அது போனால் கியர் ஆயில் கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கி, வெளியே உருண்டையைத் துடைக்கும் ரப்பர் வளையம் வழியாக வழியும். நமக்கு வெளியே தெரிவது அந்த வளையம் மட்டும்தான். ஆனால் கோளாறு உள் சீலில். அதை மாற்ற ஹப் (சக்கர மையம்), ஸ்பிண்டில் (அது சுழலும் தண்டு), பெர்ஃபீல்ட் எல்லாம் வெளியே வர வேண்டும். ஒரு பக்கத்துக்கே பாதி நாள் வேலை.

நக்கிள் ஆர்மைப் பிடிக்கும் நட்டுகளுக்கு அடியில் கூம்பு வாஷர்கள் இருக்கும். ஆர்மைக் கழற்ற அவற்றைத் தட்டித்தான் எடுக்க வேண்டும். என் வண்டியில் அந்த வாஷரைச் சுற்றிப் பழைய செம்மண் காய்ந்து கிடந்தது, அதன்மேலேயே கறுப்புப் பெயின்ட். பிறகு உருண்டைக்குப் பின்னால் எட்டுப் போல்ட்டைக் கழற்றி ரப்பர் வளையத்தை இழுத்தார். ரப்பர் புதிதுதான். ஆனால் ஒரு இடத்தில் கத்தியால் அறுத்து, வளையத்தைத் திறந்து, ஆக்சிலின்மேல் மாட்டி மறுபடி மூடியிருந்தார்கள். முறைப்படி அது முழு வளையமாக உள்ளே போக நக்கிளைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் மாட்ட ஒரே வழி அறுப்பதுதான். அந்த அறுத்த ரப்பரைக் கையில் வாங்கியபோது எனக்குக் கை நடுங்கியது. 480 வெள்ளி சீல் கிட்டில் வண்டிக்குள் போனது அது ஒன்றுதான்.

நக்கிளின் மேல் ஒரு சதுரத் தலை பிளக் உண்டு. அதைக் கழற்றி ஒரு குச்சியை விட்டார். வந்தது கிரீஸ் இல்லை, சாம்பல் நிறத்தில் தண்ணீர் கலந்த கஞ்சி. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆக்சில் வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது அந்த பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதுக் கிரீஸ் அடர்கறுப்பாக, கெட்டியாக ஒட்ட வேண்டும்.

முன் ஹப்பைத் திறந்தால் வெளி பேரிங் இரண்டும் புதிது, உள் பேரிங் இரண்டும் பழசு. பெரிய நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அவர்கள் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்தார்கள், நட்டின் விளிம்பு முழுக்க வெட்டுக்காயம். பூட்டு வாஷரின் நாக்கை மடிக்கவே இல்லை. அந்த நட்டு ஓட்டத்தில் தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று போமன் சொன்னார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னால் டிரம்மைக் கழற்றியதும் கந்தக வாடை. கியர் ஆயிலுக்கே உரிய வாடை அது. பின் ஆயில் சீல் கசிந்து புது ஷூ முழுக்க ஊறியிருந்தது. பின் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிரேக்கே பிடிக்கவில்லை, எல்லாச் சுமையும் முன் டிஸ்க்கில் விழுந்து சூடானதும் அதனால்தான். பின் பேரிங் ஷாஃப்ட்டில் அழுத்தி ஏற்றப்பட்டது. அதை மாற்ற பிரெஸ் வேண்டும். அதைப் பிடிக்கும் வளையத்தில் துரு அப்படியே இருந்தது. வீல் பம்புக்கு வெளியே வெள்ளிப் பெயின்ட், உள்ளே பழைய ரப்பர். டிரம்மில் 297 மில்லிமீட்டர் அதிகபட்சம் என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கிறது. ஸ்கிம் செய்த (உள்பக்கத்தைக் கடைந்த) பிறகு அளந்தால் 298க்கு மேல். எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் கடைசலில் கொடுத்திருக்கிறார்கள்.

கைப்பிரேக் ஏன் பிடிக்கவில்லை? இந்த வண்டியில் கைப்பிரேக் கம்பி ஒரு சின்ன முழங்கை லீவர் வழியாக ஷூவை இழுக்கிறது. அதை இழுக்கும்போதுதான் ஷூ தானாக அட்ஜஸ்ட்டும் ஆகும். சேற்றில் ஓடும் வண்டிகளில் அந்த லீவர் துருப்பிடித்து இறுகிவிடும். புது ஷூ போட்டும் பெடல் ஆழமாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் அதைத் தொடவில்லை.

இன்னொன்றும் போமன் காட்டினார், நான் கேள்விப்பட்டதே இல்லை. டிஃப்பின் மேல் காற்றுப்போக்கி என்று ஒரு சின்ன மூடி. அது மண் அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடான ஆக்சிலில் காற்று விரிந்து வெளியே போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். சூடான ஆக்சில் ஓடையில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எத்தனை புது சீல் போட்டாலும் இதைச் சுத்தம் செய்யாவிட்டால் வீண். இரண்டு ஆக்சிலுக்கும் ரப்பர் குழாய் மாட்டி மேலே எஞ்சின் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

நான்கு நாள் வேலை, 3,900 வெள்ளி. கிங்பின் பேரிங்கை மாற்றியபோது பழைய கிண்ணத்தில் குழி குழியாக இருந்ததைக் காட்டினார், ஸ்டீயரிங் நடுக்கம் அங்கிருந்துதான். ஷிம் (மெல்லிய தகடு) போட்டு, தராசுக் கொக்கியால் நக்கிளை இழுத்துப் பார்த்து இறுக்கம் வைத்தார். பிரேக் லைனில் முதலில் பின் சக்கரம், பிறகு சுமை வால்வு (சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றுவது), கடைசியில் முன் சக்கரம் என்று காற்று எடுத்தார். பழைய சாமான் ஒவ்வொன்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார், நான் கேட்காமலேயே.

அந்தப் பெட்டியோடு முதல் பட்டறைக்குப் போனேன். முதலாளி பெட்டிக்குள் பார்க்கவே இல்லை. "சேத்துல ஓட்டுற வண்டி, முப்பது வருஷப் பழசு, அப்படித்தான் இருக்கும். வேற இடத்துல பிரிச்சிட்டு வந்து என்னைக் கேட்டா எப்படி?" என்றார். இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பிரிக்கும் முன் அவருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பாருங்கள் என்று அழைத்திருக்க வேண்டும். நல்லவேளை, பிரித்தது முழுக்க மருமகன் கைப்பேசியில் படம் பிடித்திருந்தான்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் வரும் தீர்ப்பாயத்தில் படிவம் 1 கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், சேவைக் குறைக்கும் பொருந்தும், வக்கீல் தேவையில்லை. நடந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். பில், இரண்டாவது போமனின் கையெழுத்திட்ட அறிக்கை, படங்கள், அந்த அறுத்த ரப்பர் எல்லாம் தயாராக இருக்கின்றன. விசாரணைக் கடிதம் வந்த மறுநாள் முதலாளி எனக்குப் போன் செய்து 1,500 தருகிறேன், விட்டுவிடு தம்பி என்றார். மாட்டேன் என்றேன்.

முதல் பட்டறையில் நான் வண்டி எடுத்த அன்று என் வண்டிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஹைலக்ஸ்கள் நின்றன, இரண்டுக்கும் ஆக்சிலில் ஈரம் காயாத அதே கறுப்புப் பெயின்ட். பினாங்கிலோ செபராங் பிறையிலோ சமீபத்தில் ஆக்சில் வேலை செய்து அப்படிப் பெயின்ட் அடித்த வண்டியை எடுத்தவர்கள், மலை ஏறும் முன் அந்தச் சதுர பிளக்கைத் திறந்து பாருங்கள்.