லேசர் விளக்கா, இறகுக் குச்சியா?

மூன்று மாதப் பூனைக்குட்டி, சாயங்காலமானால் திரைச்சீலையில் ஏறும், நடக்கிற காலைக் கவ்வும். விடியலிலும் அந்தியிலும் பூனைக்கு வேட்டைச் சுறுசுறுப்பு. திட்டி அடக்க முடியாது, ஆடித் தீர்க்க விட வேண்டும்.

தரையில் சிவப்புப் புள்ளி காட்டும் லேசர் விளக்கு சுலபம். உட்கார்ந்த இடத்திலிருந்தே குட்டியை வீடு முழுக்க ஓட வைக்கலாம். ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளி பிடிபடவே படாது. சில பூனைகள் அப்புறம் சுவரில் விழும் எந்த வெளிச்சத்தையும் விடாமல் துரத்த ஆரம்பித்துவிடும். குட்டியின் கண்ணில் ஒளி நேராகப் படவும் கூடாது.

கயிற்றில் இறகு கட்டிய குச்சி என்றால் நம் கை வலிக்கும். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். இறகைச் சோபாவுக்குப் பின்னால் மெல்ல இழுத்து மறைத்துப் பாருங்கள்: குட்டி தரையோடு பதுங்கி, பின்பக்கத்தை இரண்டு ஆட்டு ஆட்டிப் பாயும். இறகு எலியைப் போல விலகி ஓட வேண்டும். முகத்துக்கு நேரே ஆட்டினால் மிரளும். நடுநடுவே பிடிக்க விடுங்கள். பத்து நிமிடம் ஆடியதும் சாப்பாடு வைத்தால், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கிவிடும். நம் கையைக் கடிப்பதும் குறையும்.

ஆபத்து கயிற்றில்தான். விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை போகும். ஆட்டம் முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். லேசர்தான் இருக்கிறது என்றால், சரி, கடைசியில் புள்ளியை ஒரு தீனித் துண்டின் மேல் நிறுத்துங்கள்.